உபகாரமும் உரிமையும்

பென்ஷன் என்பதை நம் முன்னோர் 'உபகாரச் சம்பளம்' என்று தமிழாக்கினர். அளிப்பவரின் கருணையால் கிடைப்பது என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே பொதிந்து கிடக்கிறது. ஓய்வூதியம் கருணைக்கொடை அன்று, உழைத்தவரின் உரிமையே என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. எனினும், நோயுற்று ராணுவத்தினின்றும் வீடு திரும்பிய சிப்பாய் அவ்வுரிமையைப் பெறுதல் எளிதாயில்லை. அதன் காரணத்தை நாம் இன்று ஆராய்வோம்.

1961-ஆம் ஆண்டுத் தரைப்படை ஓய்வூதிய விதிகள் ஊன ஓய்வூதியத்துக்கு இரு நிபந்தனைகளை விதித்தன. ஊனம் நூற்றுக்கு 20-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். அது ராணுவ சேவையால் விளைந்ததாகவோ, சேவையால் மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும். குண்டடிபட்ட காயத்தில் ஐயம் எழுவது அரிது. இடர்ப்பாடெல்லாம் நோயில்தான். வலிப்பும் இரத்தக் கொதிப்பும் பணியின் கடுமையால் வந்தனவா, உடலின் இயல்பால் வந்தனவா? 'சேவையால் விளைந்தது அன்று' என்று மருத்துவக் குழு எழுதும் ஒரு வரி, குடும்பத்தின் வாழ்வையே புரட்டிவிடவல்லது.

இதனை உணர்ந்தே 1982-ஆம் ஆண்டு விதிகள் சிப்பாய்க்கு ஒரு காப்பு அளித்தன. படையில் சேரும்போது உடற்பரிசோதனைக் குறிப்பில் காணப்படாத நோய் பின்னர்த் தோன்றின், அது சேவையில் விளைந்ததாகவே கொள்ளப்படும். நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயினுடையது அன்று. ஏட்டில் இவ்வாறிருந்தும், நடைமுறையில் மனுக்கள் மறுக்கப்பட்டே வந்தன.

ஒரு வழக்கைக் காண்போம். 1985-இல் சிக்னல் படையில் சேர்ந்த சிப்பாய் ஒருவர், வலிப்பு நோயினால் 1994-இல் விடுவிக்கப்பட்டார். நோய் உடற்கூற்றின் பாற்பட்டது என்று கூறி ஓய்வூதியம் மறுக்கப்பட்டது, மேல்முறையீடும் தள்ளப்பட்டது. இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வோ அதனை மாற்றிற்று. இறுதியில் 2013 ஜூலை 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர் உரிமையை நிலைநாட்டியது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை. மருத்துவக் குழு காரணமும் காட்டவில்லை. ஆகவே மறுப்பு செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். படையினின்றும் விலகியபின் அவர் காத்திருந்தது பத்தொன்பது ஆண்டுகள்!

இத்தகைய வழக்குகளுக்கெனவே 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டு, 2009-இல் இயங்கத் தொடங்கியது. தலைமை அமர்வு டில்லியில் உள்ளது. சென்னை, கொல்கத்தா, மும்பை முதலிய நகரங்களிலும் அமர்வுகள் உண்டு. பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் அறியத்தக்க செய்தி ஒன்று இதில் உளது. சேவையினின்றும் விலகியவர், தாம் வசிக்கும் பகுதிக்குரிய அமர்விலேயே மனுச் செய்யலாம். அதன்பொருட்டுச் சொந்த ஊர் செல்ல வேண்டுவதில்லை. இறுதி ஆணை பிறந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்தல் முறை. தாமதித்தோர் தக்க காரணம் காட்டிப் பொறுத்தருள வேண்டலாம்.

2023 செப்டம்பரில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னர் விலகியோர் அவற்றையே நோக்குதல் வேண்டும். எக்காலத்தவராயினும், சேர்ந்தபோது எடுத்த உடற்பரிசோதனைக் குறிப்பு, மருத்துவக் குழுவின் அறிக்கை, மறுப்பு ஆணை ஆகிய மூன்றையும் பேணிக் காத்தல் நலம். மறுப்பு ஆணை வந்ததும் மனம் சோர்ந்து ஒதுங்குவோர் நம்மிடையே பலர். உபகாரமாயின் மறுத்தபின் கேட்பதற்கு இடமில்லை. உரிமையாயின், மறுத்த காரணத்தைக் கேட்பதும் அவ்வுரிமையின் பகுதியே ஆகும்.