மரவள்ளி சுமந்த பழி

மரவள்ளிக் கிழங்கை மூடாது அவித்தல் வேண்டும், அதனோடு இஞ்சி சேர்த்தலாகாது என்பது சீனன்குடா உள்ளிட்ட ஈழத்து ஊர்களில் வழங்கும் நம்பிக்கை. கிழங்கிலிருந்து பிறக்கும் சயனைட்டு நஞ்சே இவ்வச்சத்தின் அடிப்படை. இந்நஞ்சின் பெயரால், ஏழைகளின் உணவாகிய மரவள்ளி வேறொரு பழியையும் சுமக்க நேர்ந்தது.

1959 இல் சுயிடெமா என்பார், இந்தோனேசியாவில் ஊட்டமற்ற நோயாளரின் சதையியிற் கற்கள் படிந்திருத்தலை எடுத்துரைத்தார். கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் இத்தகைய நோயாளர் பலரை ஆராய்ந்து, இளமையில் வயிற்றுவலி, பின்னர் நீரிழிவு என நோய் முற்றுவதைக் கண்டார். மரவள்ளியின் சயனைட்டே காரணமாகலாமென 1979 இல் அவரும் மக்மில்லனும் கூறினர். ஆயின், மரவள்ளி உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டமையால் அக்கருத்து வலுவிழந்தது. 2002 இல் இந்திய நோயாளர் பலரிடம் பரம்பரையலகு மாற்றமொன்று கண்டறியப்பட்டது.

ஆய்வு பின்னர் குடலை நோக்கித் திரும்பியது. நாட்பட்ட சதையியழற்சியுடையோரிடம், சிறப்பாக நீரிழிவும் உற்றோரிடம், குடற்சுவரைக் காக்கும் பற்றீரியாக்கள் குறைந்திருத்தலை 2017 இல் ஐதராபாத் ஆய்வாளர் காட்டினர். சுவர் தளரின் பற்றீரியா நச்சுக்கள் குருதியிற் கலந்து அழற்சியை வளர்க்கக்கூடும். எனினும், சதையி நலிந்தால் அது சுரக்கும் நொதியங்கள் குன்றிச் செரியாவுணவு குடலை அடையும். அதனாலும் பற்றீரியாக்கள் மாறும். எனவே இம்மாற்றம் நோயின் காரணமோ விளைவோ என்பது ஆராயற்பாலது. உடனிருந்தமை பற்றி மரவள்ளியைக் குற்றவாளியாக்கிய அவசரம், பற்றீரியா விடயத்திலும் நிகழலாகாது.