மின்னூல் விலை

மின்னூலுக்குத் தாள் வேண்டாம், பைண்டிங் வேண்டாம், கிடங்கும் வேண்டாம். ஆகவே அச்சு நூலைவிட மிக மலிவாக இருக்க வேண்டும் என்று வாசகர் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இந்த விலையின் வரலாறு பெரும்பாலும் தாள் செலவைப் பற்றியதல்ல. விலையை யார் வைப்பது என்ற போராட்டம்தான்.

அமெரிக்காவில் ஒரு புது நாவல் முதலில் கெட்டி அட்டையில் வரும். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, விலை வெகுவாகக் குறைந்து பேப்பர்பேக்காக வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் அட்டையின் செலவு சிறு பங்குதான். உடனே படித்தாக வேண்டும் என்ற ஆவலுக்கே அந்தக் கூடுதல் விலை. மின்னூலோ கெட்டி அட்டை வெளியாகும் நாளிலேயே வந்து நின்றது.

2007 நவம்பரில் கிண்டில் கருவியை வெளியிட்ட அமேசான், அதிகம் விற்கும் புது நூல்களை 9.99 டாலருக்குத் தந்தது. 26 டாலர் நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதிப்பாளர் பாதி விலைக்கு, அதாவது 13 டாலருக்குக் கொடுப்பார். அமேசான் பிரதிக்கு 3 டாலர் நட்டத்தில் விற்கும். 2010இல் ஐபேடுடன் வந்த ஆப்பிள் வேறு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: விலையைப் பதிப்பாளரே வைப்பார், கடைக்கு 30 விழுக்காடு கமிஷன். அதே நூலுக்கு 12.99 டாலர் வைத்தால் பதிப்பாளர் கைக்கு வருவது சுமார் 9.09 டாலர். பிரதிக்கு ஏறத்தாழ 4 டாலர் குறைவு! தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார்கள். 9.99 என்ற எண் வாசகர் மனத்தில் பதிந்துவிட்டால் கெட்டி அட்டையை எவர் வாங்குவார் என்ற அச்சம் அவர்களுக்கு. அது நியாயமான அச்சம் என்றே சொல்ல வேண்டும்.

அந்த ஜனவரி இறுதியில் மேக்மில்லன் பதிப்பகம் இம்முறையை வற்புறுத்தியபோது, அமேசான் அதன் நூல்களின் பக்கங்களிலிருந்து வாங்கும் பொத்தானையே எடுத்துவிட்டது. அச்சு நூல்களும் தப்பவில்லை. சில நாட்களில் அமேசான் இறங்கிவந்தது.

ஆனால் பதிப்பாளர்கள் கூடிப் பேசி விலையை உயர்த்தியது குற்றம் என்று 2012 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மீதும் ஐந்து பதிப்பகங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. பதிப்பகங்கள் சமரசம் செய்துகொண்டு, விலை வைக்கும் உரிமையைத் தற்காலிகமாக விட்டுக்கொடுத்தன. 2013இல் நீதிபதி டெனிஸ் கோட் ஆப்பிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்.

2014 முதல் பெரிய பதிப்பகங்கள் தனித்தனியே பேசி, விலை வைக்கும் உரிமையை மீட்டன. இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது: அச்சு நூலுக்குக் கடைக்காரர் கழிவு தரலாம், மின்னூலுக்குப் பெரும்பாலும் முடியாது. எனவே சில நூல்களின் பேப்பர்பேக், மின்னூலைவிட மலிவாகக் கிடைக்கிறது.

வரியும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. மின்னூலுக்கு 18 விழுக்காடு இருந்தது. 2018இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது, அச்சுப் பதிப்பும் உள்ள நூல்களுக்கு மட்டும்.