தரகர் யார்? மனை விற்பனைக் காணொளிகளும் ரெரா சட்டத்தின் பிரிவு 2(இசட்எம்)-உம்

சமூக ஊடகம் பரவப் பரவ மனை வணிகத்தில் தரகருக்கு இடமில்லாமல் போகும் என்று ஒரு கருத்து உண்டு. வாங்குபவரும் விற்பவரும் நேராகப் பேசிக்கொள்ள வழி இருக்கும்போது நடுவில் ஒருவர் எதற்கு என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டு மனைச் சந்தை இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் மனைச் செய்திகளில் ஊர், பரப்பு, சென்ட் விலை, பாதை அகலம் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் இல்லாதவை இரண்டு: சர்வே எண், உரிமையாளரின் கைபேசி எண். இது மறதியால் நேர்வதன்று. சர்வே எண் கிடைத்தால் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எவரும் இணையத்தில் எடுத்து உரிமையாளர் யார் என்று அறிந்துகொள்ளலாம். அதோடு கமிஷன் போயிற்று. ஆகவே செய்தி எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவுக்கு இந்த இரண்டு விவரங்களின் மதிப்பும் ஏறுகிறது. ஒரே மனையை ஒருவர் பின் ஒருவராகத் தம் எண்ணைப் போட்டு அனுப்ப, கமிஷன் பல பங்காகப் பிரிகிறது. ‘டைரக்ட் பார்ட்டி மட்டும் அழைக்கவும்’ என்று ஒரு குறிப்பு வேண்டியிருப்பதே, அழைப்பவர்களில் எத்தனை பேர் டைரக்ட் பார்ட்டி அல்லர் என்பதைக் காட்டிவிடுகிறது. தரகர் எண்ணிக்கை குறையவில்லை. தரகர் என்று தம்மை ஒப்புக்கொள்பவர்களின் எண்ணிக்கைதான் குறைந்திருக்கிறது.

இந்த ஒப்புக்கொள்ளாமைக்குச் சட்ட வடிவம் கொடுப்பது யூடியூப் மனைக் காணொளி. லேஅவுட்டைச் சுற்றிக் காட்டி, பேருந்து நிலையம் எத்தனை நிமிடம், வங்கிக் கடன் எத்தனை சதவீதம் என்று விளக்குபவர் விளம்பரம் செய்பவரே, முகவர் அல்லர் என்பது ஒரு வாசிப்பு. அதன்படி பொறுப்பு முழுவதும் லேஅவுட்டை உருவாக்கி விற்கும் புரமோட்டரைச் சேரும். காணொளிக்காரருக்குப் பதிவு வேண்டியதில்லை. இந்த வாசிப்பு 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) பிரிவு 2(இசட்எம்)-இல் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது என்பதே என் கருத்து. முகவர் யார் என்று வரையறுக்கும் அவ்வுட்பிரிவு இரண்டு படிகளில் நகர்கிறது. ஒருவர் சார்பாக மனை மாற்றத்தில் பேரம் பேசி, கமிஷனாகவோ வேறு வகையிலோ ஊதியம் பெறுபவர் முதல் படி. பின்னர், வாங்கக்கூடியவரையும் விற்கக்கூடியவரையும் பேரத்துக்காக எந்த ஊடகத்தின் வழியாகவேனும் அறிமுகப்படுத்துபவரும் இதில் அடங்குவார் என்று வரையறை விரிகிறது. முதல் படியே போதுமென்று சட்டமியற்றியோர் கருதியிருந்தால் இரண்டாவதற்குத் தேவை இல்லை. அறிமுகத்தோடு ஊடகத்தையும் சேர்த்துச் சொன்ன ஒரு வரையறையிலிருந்து, அறிமுகத்தையே தொழிலாகக் கொண்ட காணொளிக்காரரை வெளியேற்றுவது எளிதன்று.

இதே பகுதியை வைத்தே வலுவான மறுப்பு ஒன்றும் எழும். இரண்டாம் படியில் ஊதியம் பேசப்படவில்லை. அப்படியானால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மனைச் செய்தியை அனுப்பும் மாமாவும் முகவர்தானா? இந்த அபத்தத்தைத் தவிர்க்க ஊதிய நிபந்தனையை இரண்டாம் படிக்கும் நீட்டிக்க வேண்டும் என்பர். நீட்டித்தாலும் கேடில்லை, வேறு வகை ஊதியம் என்பது காணொளிக்கு ஒரே தடவையாகக் கொடுக்கும் தொகையையும் அடக்கும். ஆனால் நீட்டிக்கவே தேவையில்லை என்று நினைக்கிறேன். அறிமுகம் பேரத்துக்கானதாக இருக்க வேண்டும் என்ற வரம்பு அங்கேயே இருக்கிறது. செய்தியை அனுப்பிவிட்டு விலகிக்கொள்பவர் பேரத்துக்கு வழி அமைக்கவில்லை. காணொளியின் அடியில் ஓடும் எண் யாருடையது என்பதே இங்கு நடைமுறைச் சோதனை. புரமோட்டரின் எண்ணானால் அது விளம்பரம் என்று ஒப்புக்கொள்ளலாம். சேனலின் சொந்த எண்ணாகி, அழைத்தவரைக் காரில் ஏற்றிச் சைட் விசிட்டுக்குக் கூட்டிப்போய், அட்வான்ஸ் வரை உடன் நிற்பதானால், அதைத் தரகு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கருத்துரிமை பற்றிய வாதம் இங்கே பொருந்தாது; பதிவு கேட்பது பேச்சுக்கன்று, தொழிலுக்கு.

புரமோட்டரின் பொறுப்பே போதும் என்பதும் ஏற்கத்தக்கதன்று. விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நட்டப்பட்டவருக்குப் புரமோட்டர் ஈடு தர வேண்டும் என்று பிரிவு 12 சொல்வது உண்மை. ஆனால் பதிவு எண்ணை விளம்பரத்தில் தெளிவாகக் காட்டச் சொல்லும் பிரிவு 11(2), புரமோட்டர் வெளியிட்ட விளம்பரத்தை மட்டுமே பேசுகிறது. அதைச் சேனல் தானாகப் பேசியது, நான் வெளியிடவில்லை என்று அவர் கைவிரிக்க இது வாசல் திறந்துவிடுகிறது. காணொளிக்காரரை முகவராகக் கொண்டால் இந்த வாசல் அடைபடும்: இல்லாத அனுமதியை இருப்பதாகக் காட்டுவதைப் பிரிவு 10 முகவருக்கே நேரடியாகத் தடுக்கிறது, மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்பனைக்கு உதவிய மனையின் விலையில் 5 சதவீதம் வரை, பிரிவு 62 தண்டம் விதிக்கிறது.

என் வாசிப்பு எட்டாத இடமும் உண்டு, அது சிறியதன்று. முகவர் பதிவைக் கட்டாயமாக்கும் பிரிவு 9, ஏற்கனவே பதிவு பெற்ற திட்டங்களின் மனைகளையே குறிக்கிறது. பதிவில்லாத திட்டத்தை விற்க உதவக் கூடாது என்ற பிரிவு 10-இன் தடையோ பதிவு பெற்ற முகவரையே கட்டுகிறது. பதிவில்லாத லேஅவுட்டைப் பதிவில்லாத ஒருவர் காட்டினால் இரண்டுக்கும் நடுவே நழுவிவிடுகிறார். அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016-இல் நிறுத்தியதும், 2017-இல் வரன்முறை விதிகள் கொண்டுவரவேண்டி வந்ததும், இத்தகைய மனைகள் இங்கே எவ்வளவு பெருகியிருந்தன என்பதற்குச் சான்று. வரையறையை எவ்வளவு அகலமாக வாசித்தாலும் இந்த இடைவெளி மூடாது. அங்கே கைக்கு எட்டுவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 21: தவறான விளம்பரத்துக்குப் பரிந்துரை அளிப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டமும், ஓராண்டு வரை பரிந்துரைக்கத் தடையும் அதில் உண்டு. ஆனால் உரிய கவனத்தோடு சரிபார்த்தேன் என்று காட்டுபவருக்கு அதிலிருந்து விலக்கும் உண்டு. சர்வே எண்ணையே காட்டாத காணொளிக்காரர் எதைச் சரிபார்த்தார் என்று கேட்பதிலிருந்துதான் அந்த வழக்கு தொடங்க வேண்டும்.