ஓராண்டு என்று யார் சொன்னது?

ஒரு மருந்தை எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நோயாளிகள் பெரும்பாலும் கேட்பதில்லை. காசநோய்க்கு ஆறு மாதம் என்பது உழைத்துப் பெற்ற கணக்கு. மூன்று மாதம், நான்கு மாதம், ஐந்து மாதம் என்று குறைத்துப் பார்த்து, சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்புவது கூடுகிறது என்று கண்ட பிறகே அது நிலைத்தது. அந்த ஆராய்ச்சிகளில் சில, 1956-ல் தொடங்கிய சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடந்தவை. கோர்ஸை முடிக்காமல் விடாதீர்கள் என்று டாக்டர் அதட்டுவதற்கு அங்கே ஆதாரம் இருக்கிறது. தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் மெலனோமா என்ற புற்றுநோய்க்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வந்த மருந்துகளின் கதை வேறு. அவற்றில் பலவற்றின் கால அளவு, குறைத்துப் பார்த்துக் கண்டறிந்ததல்ல. முதல் ஆய்வைத் திட்டமிட்டவர்கள் வைத்தது. ஆகவே பக்கவிளைவு தாங்காமல் இடையில் நிறுத்தியவர் எதை இழந்தார் என்று சொல்ல நெடுங்காலம் யாராலும் முடியவில்லை. பிறகு பதில் கிடைத்தபோது, அதில் பெரும்பகுதியைத் தந்தவர்கள் நிறுத்தியவர்களே. மருத்துவ ஏடுகளில் 'விலகியோர்' என்ற பத்தியில் எண்ணிக்கையாக அடங்கிப்போன அவர்கள், யாரும் திட்டமிடாத ஒரு சோதனையை நடத்திக் கொடுத்தார்கள் என்பதே என் வாதம்.

1995 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அறுவை சிகிச்சைக்குப் பின் மெலனோமா திரும்பாமல் தடுக்க இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2பி மருந்தை ஏற்றது. முதல் நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 2 கோடி அலகு வீதம் நரம்பு வழியே ஏற்ற வேண்டியிருந்தது. அடுத்த 48 வாரம், வாரத்துக்கு மூன்று முறை, அதில் பாதி அளவைத் தோலுக்கடியில் நோயாளியே குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. காய்ச்சலையும் குளிர் நடுக்கத்தையும் தூக்கத்திலேயே கழித்துவிடலாம் என்று பாரசிட்டமாலைப் போட்டுக்கொண்டு, படுக்கப் போகும்போது ஊசி போட்டுக்கொள்வார்கள். சோர்வு மட்டும் விடிந்தாலும் போகாது. ஜான் கிர்க்வுட் தலைமையில் 287 பேரிடம் நடந்த ஆய்வுதான் இந்த ஒப்புதலுக்கு அடிப்படை. மருந்து பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏதாவதொரு கட்டத்தில் கடுமையான பக்கவிளைவு வந்தது. கல்லீரல் கெட்டு இருவர் இறந்தார்கள். வாழ்நாளின் இடைநிலை அளவு 2.78 ஆண்டிலிருந்து 3.82 ஆண்டாகக் கூடியது என்பது பெரிய செய்திதான். ஆனால் அந்த ஆய்வு ஓராண்டு போட்டவர்களை ஒன்றுமே போடாதவர்களோடு ஒப்பிட்டதே தவிர, ஒரு மாதம் போட்டு நிறுத்தியவர்களோடு ஒப்பிடவில்லை. ஒரு மாதமா, ஓராண்டா என்று நேருக்கு நேர் ஒப்பிட்ட கிரேக்க ஆய்வின் முடிவு 2009-ல்தான் வெளிவந்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. 2017-ல் இன்டர்ஃபெரான் ஆய்வுகளின் நோயாளித் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஐந்தாண்டில் உயிரோடிருப்போர் சுமார் 3 சதவீதம் மட்டுமே கூடுதல். அளவையோ காலத்தையோ பொறுத்து அந்தப் பலன் மாறியதற்குச் சான்று இல்லை. நான்காம் மாதத்தில் ஊசியை வைத்துவிட்டு, தன்னால்தான் கெட்டது என்று நினைத்த ஒருவர் எந்த அடிப்படையும் இல்லாமல் தன்னை நொந்துகொண்டிருந்திருக்கலாம்.

மெலனோமாவுக்கு 1998-ல் ஒப்புதல் பெற்ற இன்டர்லூக்கின்-2 இந்த விஷயத்தில் நேர்மையான மருந்து. எட்டு மணி நேரத்துக்கு ஒரு டோஸ், ஒரு சுற்றில் அதிகபட்சம் பதினான்கு. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் வீங்கும், ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் வற்றும். சிலருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பும். ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் கட்டிலருகே நின்று இவற்றையெல்லாம் பார்த்து, போடுவதா விடுவதா என்று முடிவெடுத்தார்கள். பதினான்கையும் பெற்றவர்கள் அபூர்வம். அளவைக் குறைப்பதில்லை, தவிர்ப்பதுதான் வழக்கம். பதினான்கு என்பது எட்ட வேண்டிய இலக்காக இல்லாமல் தாண்டக் கூடாத எல்லையாக இருந்ததால், அந்த வார்டுகளில் நிறுத்துவது சிகிச்சையின் ஓர் அங்கமாகவே இருந்தது. 270 நோயாளிகளில் 16 சதவீதத்தினருக்கே கட்டி சுருங்கியது என்றாலும், முழுதாகக் கரைந்தவர்களில் பலருக்கு அது திரும்பவே இல்லை. சில நாள் மருந்து பல ஆண்டு காக்கக்கூடும் என்பதற்கு அப்போதே ஆதாரம் கண்முன் இருந்தது.

அடுத்து வந்தது, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பிரேக்கை விடுவிக்கும் இபிலிமுமாப். அறுவைக்குப் பின் இதை மூன்றாண்டு வரை கொடுக்கத் திட்டமிட்ட ஐரோப்பிய ஆய்வில், மருந்தைத் தொடங்கிய 471 பேரில் 245 பேர், அதாவது 52 சதவீதத்தினர், பக்கவிளைவால் நிறுத்தினார்கள். குடல் அழற்சி, கல்லீரல் வீக்கம், பிட்யூட்டரிச் சுரப்பியின் செயலிழப்பு என்று காரணங்கள் பல, ஐவர் உயிரிழந்தனர். அப்படியிருந்தும் ஐந்தாண்டு முடிவில் மருந்துக் குழுவில் 65.4 சதவீதத்தினரும் மற்றக் குழுவில் 54.4 சதவீதத்தினரும் உயிரோடிருந்தார்கள். இபிலிமுமாப்புடன் அதே வகையைச் சேர்ந்த நிவோலுமாப்பைச் சேர்த்துக் கொடுத்த இரண்டு ஆய்வுகளை 2017-ல் ஒன்றாக வைத்து அலசினார்கள். தொடக்க டோஸ்கள் முடியும் முன்பே பக்கவிளைவால் நிறுத்திய 96 பேரில் 58.3 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. பக்கவிளைவால் நிறுத்தாதவர்களில் இது 50.2 சதவீதம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை லேசாக ஒதுக்க முடியாது. பக்கவிளைவு வர வேண்டுமானால் அது வரும் வரை உயிரோடிருக்க வேண்டும். சீக்கிரம் இறந்தவர்கள் தாமாகவே 'பக்கவிளைவு இல்லாதோர்' கணக்கில் சேர்ந்துவிடுவதால், மற்றவர்கள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். இந்தப் பள்ளத்தில் மருத்துவ உலகம் ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருக்கிறது. இன்டர்ஃபெரான் பெற்ற 200 பேரை ஆராய்ந்த 2006-ஆம் ஆண்டு கிரேக்க ஆய்வு, தன்னுடலைத் தானே தாக்கும் அறிகுறிகள் தோன்றியவர்கள் நெடுநாள் வாழ்ந்ததாகச் சொல்லிப் பரபரப்பூட்டியது. மூன்றாண்டு கழித்து ஐரோப்பிய ஆய்வுக் குழு வேறு நோயாளிகளிடம் இதே காலப் பிழையைத் திருத்திப் பார்த்தபோது அந்தத் தொடர்பு கரைந்துபோனது. எனவே, நிறுத்தியவர்கள் மேலாக இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சீக்கிரம் நிறுத்தியதால் பெரும் சரிவு வந்ததற்குச் சான்று இல்லை என்ற அளவோடு நிற்பேன். அவர்களை நோயிலிருந்து ஓடியவர்களாகப் பார்ப்பதை மறுக்க அதுவே போதும்.

இன்னொரு மறுப்பு எனக்கு இதைவிடக் கனமானது: நிறுத்துவது எளிதானால், ஆற்றக்கூடிய பக்கவிளைவுக்கும் நிறுத்திவிடுவார்கள். உண்மைதான். இன்டர்ஃபெரான் மனதையும் முடக்கும். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் 40 மெலனோமா நோயாளிகளிடம் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 சதவீதத்தினர் கடும் மனச்சோர்வால் இன்டர்ஃபெரானைக் கைவிட்டார்கள். முன்கூட்டியே மனச்சோர்வு மருந்தான பராக்ஸெடின் பெற்றவர்களில் 5 சதவீதத்தினர் மட்டுமே. அங்கே நிறுத்தியதற்குக் காரணம் மருந்தின் கடுமை மட்டுமல்ல, கவனிப்பின் குறையும்தான். தவிர, பிராஃப் மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகளுக்கு நான் சொல்வதை நீட்டக் கூடாது. அவை எதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குவதில்லை; செல்லுக்குள் ஓடும் ஒரு சமிக்ஞையை அடைத்து வைக்கின்றன. பரவிய நோயில் மாத்திரையை விட்டால் அந்த அடைப்பும் போய்விடும்.

நிறுத்தியவர்கள் தற்செயலாகக் காட்டியதை வேண்டுமென்றே செய்து பார்க்கும் காலம் இப்போது வந்திருக்கிறது. நெதர்லாந்துப் புற்றுநோய் நிலையத்தின் தலைமையில் 423 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான நடீனா ஆய்வில், ஒரு குழுவுக்கு அறுவைக்கு முன்பே இபிலிமுமாப்பும் நிவோலுமாப்பும் இரண்டே டோஸ். அகற்றிய கட்டியில் உயிருள்ள புற்றுச் செல்கள் பத்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ இருந்தால் அதோடு சிகிச்சை முடிந்தது; 59 சதவீதத்தினருக்கு அப்படி இருந்தது. மீதியுள்ளோருக்கு மட்டும் மருந்து தொடர்ந்தது. முதலில் அறுவை, பிறகு பன்னிரண்டு டோஸ் நிவோலுமாப் என்று போன மற்றக் குழுவில், ஓராண்டு முடிவில் நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் 57.2 சதவீதம், இந்தக் குழுவில் 83.7. இரண்டு டோஸோடு நின்றவர்களை மட்டும் தனியே எடுத்தால், அறுவைக்குப் பிந்தைய ஓராண்டில் நோய் திரும்பாதவர்கள் 95.1 சதவீதம். நல்ல பலன் கண்டவர்களைப் பொறுக்கி எடுத்த எண் இது என்பதையும், ஓராண்டுக் கணக்கு மெலனோமாவுக்குப் போதாது என்பதையும் மறக்காமல் படிக்க வேண்டும்.