ஒருபாற் காதற் புதினங்களில் கதைமுடிபு

புதினத்தின் முடிபு அதன் மாந்தர்தம் இயல்பினின்றும் பிறத்தல் வேண்டும் என்பது திறனாய்வாளர் பலர்க்கும் உடன்பாடு. எனினும், ஒருபாற் காதலைக் கருவாகக் கொண்ட ஆங்கிலப் புதினங்களில் முடிபை வகுத்தவர் ஆசிரியர் மட்டுமே அல்லர்; சட்டமும் பதிப்பகமும் அதிற் பங்கு கொண்டன. ஆதலின், அவற்றின் வெற்றி தோல்விகளை ஆராயப் புகுவார், முடிபு எங்கிருந்து வந்தது என முதற்கண் வினவுதல் வேண்டும்.

1885-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், ஆடவரிடை நிகழும் எவ்வகை உடலுறவும், தனியிடத்து நிகழினும், இங்கிலாந்தில் தண்டனைக்கு உரியதாயிற்று. அதன்படியே 1895-இல் ஆஸ்கார் ஒயில்டு இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றார். இச்சூழலில், 1913-இல் எட்வர்டு கார்ப்பென்டரைக் கண்டு மீண்ட ஈ. எம். பார்ஸ்டர், 'மாரிஸ்' என்னும் புதினத்தைத் தொடங்கி 1914-இல் முடித்தார். பங்குத் தரகனான மாரிஸும், பெருமனை ஒன்றில் வேட்டைக் காவலனான அலெக்கும் இறுதியில் இணைந்து வாழத் துணிகின்றனர். இன்ப முடிபு இன்றியமையாதது எனக் கருதியே இதனை எழுதியதாகவும், துன்பத்தில் முடித்திருப்பின் வெளியிடுதல் எளிதாயிருக்கும் எனவும் பார்ஸ்டர் 1960-இல் எழுதிய பின்னுரையிற் குறிக்கின்றார். சட்டம் 1967-இல் தளர்ந்தது. 1970-இல் அவர் மறைந்தார். நூல் 1971-இல் வெளிவந்தது.

துன்ப முடிபேனும் நூலுக்குக் காவலாயிற்றோ எனின், அன்று. ராட்கிளிப் ஹால் 1928-இல் வெளியிட்ட 'தனிமைக் கிணறு' என்னும் புதினத்தில், ஸ்டீபன் என்னும் தலைவி, தன் காதலி மேரி ஆடவன் ஒருவனோடு வாழும்பொருட்டு, வேறொருத்தியை விரும்புவதாக நடித்து அவளைத் துறக்கின்றாள். அங்ஙனம் முடிந்தும், அவ்வாண்டிலேயே அந்நூலை அழிக்குமாறு இலண்டன் நீதிபதி ஆணையிட்டார். இத்தகு காதலர் பழிக்குரியர் என ஒரு சொல்லேனும் நூலில் இல்லை என்பது அவர் கண்ட குறை. எனவே, நீதிமன்றம் வேண்டியது துயரம் அன்று, பழிப்பே என்பது போதரும்.

அமெரிக்காவில் 1952-இல் வெளிவந்த இரு நூல்களை ஈண்டு ஒப்பு நோக்கலாம். ஒன்று, வின் பேக்கர் என்னும் புனைபெயரில் மாரிஜேன் மீக்கர் எழுதிய 'வசந்தத் தீ'. அஞ்சல் துறையினர் நூலைத் தடுப்பர் என்னும் அச்சத்தால், இன்ப முடிபு கூடாதெனப் பதிப்பாளர் வரையறுத்தார். ஆதலின் ஒருத்தி மனநோய் மருத்துவமனை புகுகின்றாள். மற்றவள், தான் அவளைக் காதலிக்கவே இல்லை எனத் தெளிகின்றாள். முன்னர்க் கட்டிய உணர்வனைத்தையும் ஈற்றயல் ஏடுகள் மறுத்துவிடுகின்றன. இது மாந்தர் இயல்பில் விளைந்த துன்பியல் அன்று. புறத்தே நின்று ஒட்டியது.

மற்றொன்று, பற்றீசியா ஹைஸ்மித் 'கிளாரி மார்கன்' என்னும் பெயரில் எழுதிய 'உப்பின் விலை'. கரோல், கணவன் தரப்பினர் விதித்த நிபந்தனைகளை ஏலாது, மகளை வளர்க்கும் உரிமையை இழக்கின்றாள். தெரீஸ் முதலில் அவளை மறுத்து, பின்னர்த் தானே தேடிச் செல்கின்றாள். இழப்பு மறைக்கப்படவில்லை, எனவே இணைவும் நம்பத்தக்கதாகின்றது. அம்முடிபின்பொருட்டு வாசகர் பலர் நன்றி கூறி எழுதினர் என ஆசிரியரே பதிவு செய்துள்ளார்.

இனி, இன்ப முடிபு ஒன்றே வெற்றி தரும் எனல் பொருந்தாது. 'மாரிஸ்' நூலில் கிளைவின்பாற் கொண்ட காதல் கேம்பிரிட்ஜில் தொடங்கிப் படிப்படியாக வளர்கின்றது. அலெக்கோ கதையின் பிற்பகுதியிலேயே தோன்றுகின்றான். அவ்விருவரின் வாழ்நாள் உறவைத் தாங்குதற்குரிய அடித்தளம் போதிய அளவு இடப்படவில்லை. அம்முடிபிலும் ஆசிரியரின் விருப்பம் புறத்தே நின்று செயற்படுகின்றது. பதிப்பாளரின் அச்சத்திற்கு ஒரு நீதியும் ஆசிரியரின் அருளுக்கு வேறொரு நீதியும் வழங்குதல் திறனாய்வுக்கு முறையன்று.

ஆயினும், பார்ஸ்டரின் பிழை மதிக்கத்தக்க பிழை. இத்தகைய காதலர் வாழவும் கூடும் என்பதையே ஏட்டில் எழுத இயலாத காலத்தில் அவர் அதனை எழுதினார். அவ்வழி திறந்தபின் வருவோர்க்கு விலக்கு இல்லை. இன்பமாயினும் துன்பமாயினும், அதனைத் தம் மாந்தரிடமிருந்தே அவர்கள் பெறுதல் வேண்டும்.