சுமைதாங்கியும் முதுகுப்பையும்: இலங்கையில் சிக்கனப் பயணத்தின் செலவைத் தாங்குவோர் யார்?

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த பணத்தில் இலங்கையைச் சுற்றிவரும் பயணி தன் சிக்கனத்தால் மட்டும் அதைச் சாதிப்பதில்லை. அவர் கொடுக்காமல் விட்ட செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அது கொடையாக, பொதுப் பணமாக, நெருக்கடியின் விளைவாக என மூன்று வழிகளில் ஏற்கப்படுகிறது. இம்மூன்றையும் பிரித்தறியாமல் சிக்கனப் பயணத்தின் நன்மை தீமைகளை மதிப்பிட முடியாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1. சிக்கல்

முதுகில் ஒரு பை, கையில் கொஞ்சம் பணம், திட்டமிடாத வழி என்று ஊர் சுற்றும் பயணியை ஆய்வுலகம் ஐம்பது ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. சமூகவியலாளர் எரிக் கோஹென் இத்தகைய அலைவோரைத் தனி வகையாக 1972இல் வகுத்தார். அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையில், இவர்கள் வளமான சமூகங்களிலிருந்து கிளம்பிய நாடோடிகள் என்று காட்டினார். அதே 1973இல் டோனி வீலரும் மோரின் வீலரும் ஆசியாவை மலிவாகக் கடக்கும் வழிகாட்டிச் சிறுநூலை வெளியிட்டனர். லோன்லி பிளானட் பதிப்பகம் அதிலிருந்து வளர்ந்தது. பின்வந்த ஆய்வாளர்களுள் மார்க் ஹாம்ப்டன் 1998இலும் ரெஜினா ஷேவன்ஸ் 2002இலும் எழுதியவை முக்கியமானவை. பெரிய விடுதிகளுக்குப் போகும் பணம் நாட்டைவிட்டுக் கசிந்துவிடுகிறது; சிக்கனப் பயணியின் சிறு தொகையோ உள்ளூர்க் குடும்பங்களின் கையில் தங்குகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இவ்வாதம் உண்மை. ஆனால் அது பயணி கொடுத்த பணத்தை மட்டுமே எண்ணுகிறது. பயணத்தை மலிவாக்கியது எது என்ற கேள்வியை அது தொடுவதில்லை. ஒரு நாள் செலவு குறைவாக இருக்கிறதென்றால், அந்தக் குறைவு எங்கோ ஒரு கணக்கில் ஏறியிருக்க வேண்டும். இலங்கையில் அந்தக் கணக்குகளைத் தேடிப் போவது கடினமன்று. அவை கல்லிலும் தண்டவாளத்திலும் சம்பளத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன.

2. கொடை மலிவு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருக்களில் இன்றும் சில சுமைதாங்கிகள் நிற்கின்றன. இரண்டு நிறுத்துகற்கள், அவற்றின்மேல் குறுக்காக ஒரு கல், தலைச்சுமையை அப்படியே சரித்து வைக்கத்தக்க உயரம். அவ்வளவுதான் அதன் அமைப்பு. தனியே நடந்து வருபவர் தலைச்சுமையைத் தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். சுமைதாங்கியில் வைத்தால் வேண்டாம். குனிந்து தலைகொடுத்துத் தானே எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுவுவது வழக்கமாக இருந்தது. இறக்கி வைக்க முடியாமற்போன ஒரு சுமைக்கு ஈடாக, முகம் தெரியாத வழிப்போக்கர்களின் சுமையை அந்தக் கல் வாங்கிக்கொள்கிறது. அதன் அருகே மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல், நீர் குடிக்கக் கேணி, படுக்க மடம். பருத்தித்துறையில் தெருவையே கூரையால் மூடி, இருபுறமும் திண்ணையிட்டுக் கட்டிய தெருமூடி மடம் இம்மரபின் அழகிய சான்று. சிங்கள ஊர்களில் வழிப்போக்கர் தங்கும் அம்பலங்களும், வழிப்போக்கர் குடிப்பதற்காகச் சாலையோரம் வைக்கப்படும் தண்ணீர்ப் பானைகளும் இதே அறத்தின் மறுபக்கம்.

1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதாவின் பயணமும் இந்த வகையே. அவரைப் புத்தளத்தில் வரவேற்ற யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தி, சிவனொளிபாத மலைக்குப் போகப் பல்லக்கும் துணையாட்களும் உணவு சுமக்கப் பதினைந்து பேரும் தந்தனுப்பினார். அந்தத் துணையாட்களில் நான்கு யோகிகள் ஆண்டுதோறும் அம்மலைக்குப் போய்வருபவர்கள். அரசரின் கொடையோடு வந்த பெரிய பயணிக்கு வழிகாட்டியவர்கள், கைப்பொருள் இன்றி நடந்து பழகியவர்கள்.

இம்மரபு இன்றும் உயிரோடிருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரையிலான பாதயாத்திரை கிழக்குக் கரை வழியாக நடக்கிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில் கடந்து, உகந்தை முருகன் கோயிலிலிருந்து காட்டுப்பாதையில் இறங்கி, குமண, யால வனங்களின் ஊடாகக் கதிர்காமத்தை அடைய ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து தொடங்கும் நடை அறுந்துபோய்ப் பின்னர் மீண்டது. நடப்பவர்களை ஊரார் சாமிமார் என்றே அழைக்கிறார்கள். தங்க இடமும் சோறும் மோரும் கோயில் முற்றங்களில் கிடைக்கின்றன. சாமிமாருக்குச் செலவு இல்லை. ஆனால் செலவு இருக்கிறது. அதை வழியெங்கும் உள்ள ஏழைக் குடியானவர்களும் மீனவர்களும் தாங்குகிறார்கள். அறிந்தே, விரும்பியே தாங்குகிறார்கள். இந்த ஆண்டு சோறு போட்டவர் அடுத்த ஆண்டு தாமே நடக்கக்கூடும் என்பதால், கொடுப்பவரும் வாங்குபவரும் இடம் மாறிக்கொள்ள வழியிருக்கிறது. கொடை மலிவின் இலக்கணம் இந்த இடமாற்றம்தான்.

3. பொது மலிவு

இன்றைய முதுகுப்பைப் பயணியின் பெரும் சேமிப்பு போக்குவரத்தில் கிடைப்பது. கொழும்பிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 290 கிலோமீட்டரை மூன்றாம் வகுப்புச் சீட்டில் சிறு தொகைக்குக் கடந்துவிடலாம். அந்தப் பாதை சுற்றுலாவுக்காக இடப்பட்டதன்று. கண்டிச்சீமைக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கவே இடப்பட்டது. முதல் ரயில் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அந்த இடத்தைப் பிடிக்க, பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் நீண்டது. இப்போது எல்லாப் பயணிகளும் படமெடுக்கும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் அந்தக் கடைசிக் கட்டத்தின் வேலை.

பஸ் கதையும் இப்படியே. 1958இல் தனியார் பஸ் கம்பெனிகளை அரசு பொதுவுடைமையாக்கிப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. இலாபம் தராத மலைக்கிராமங்களுக்கும் காலையும் மாலையும் ஒரு பஸ் போகவேண்டும், பள்ளிப் பிள்ளைகள் குறைந்த விலைச் சீசன் டிக்கெட்டில் போகவேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. கட்டணம் செலவுக்கு ஈடாவதில்லை. அந்த இடைவெளியை வரி கட்டும் மக்கள் நிரப்புகிறார்கள். இலங்கையில் வரிச்சுமையின் பெரும்பங்கு பொருள்களின் மீது விழும் மறைமுக வரி. ஆகவே பருப்பும் சீனியும் வாங்குகிற ஒவ்வொரு வீடும், மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டவரின் சீட்டுக்கு ஒரு துளி கொடுக்கிறது.

இதில் தவறில்லை. பொதுச்சொத்தைப் பயன்படுத்த விருந்தினருக்கும் உரிமை உண்டு. சிக்கல் இடம் போதாதபோது எழுகிறது. நானுஓயாவுக்கும் எல்லவுக்கும் இடையில் ஒரு காலைப் பயணத்தில் நான் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். பெட்டியின் இரு வாசற்படிகளிலும் பயணிகள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருக்கைகளுக்கு நடுவே அவர்களின் பைகள் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. இடையில் ஒரு சிறு நிலையத்தில் ஏறிய தோட்டத்து அம்மா ஒருவர், பொலித்தீன் பைக்குள் சுற்றிய கிளினிக் கொப்பியை மார்போடு அணைத்தபடி, அந்தப் பைகளின் மேல் சாய்ந்து நின்றார். முன்பு இந்தக் கோச்சியில் உட்கார இடமிருக்கும் என்று குறைப்படாமலே சொன்னார். அவர் சொன்னதைவிட, குறைப்படாமல் சொன்னது என்னைத் தொந்தரவு செய்தது. முன்பதிவு இருக்கைகள் விற்பனை தொடங்கிய சற்று நேரத்தில் தீர்ந்து, கூடுதல் விலைக்குக் கைமாறுவதும் அண்மை ஆண்டுகளில் பொதுப் புகாராகியிருக்கிறது. பொது மலிவுக்கு ஒரு வரம்பு உண்டு: யாருக்காக அது மலிவாக்கப்பட்டதோ அவர் இடமிழக்கும் புள்ளியில் அதன் நியாயம் முடிகிறது.

4. நெருக்கடி மலிவு

பிறரின் நெருக்கடியிலிருந்து பிறக்கும் மூன்றாம் வகை கண்ணுக்கு எளிதில் தெரியாது. மலைநாட்டின் முதல் சிக்கனப் பயணிகள் யார் என்று கேட்டால், மன்னார்க் கரையில் இறங்கி வடக்குப் பாதை வழியாக மாத்தளை வரை தோட்ட வேலைக்காகக் காட்டில் நடந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் என்றே சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சுமைதாங்கி கட்டி வைத்தவர் இல்லை. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே பலர் இறந்தார்கள். வந்து சேர்ந்தவர்களின் பயணச் செலவோ முன்பணமாக, ஆள்சேர்த்து வந்த கங்காணியின் கணக்கில் ஏறிக் கடனாக நின்றது. அவர்கள் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள்.

அந்த வழிவந்தவராக இன்று பயணியின் படங்களில் அழகாக விழும் பெண், கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டிருக்கிறார். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் கொழுந்து எடுத்தால்தான் முழுச் சம்பளம். நீண்ட போராட்டத்தின்பின் 2021இல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. அப்போது ஒரு டாலர் ஏறக்குறைய 200 ரூபாய். அதாவது அவரது நாட்சம்பளம் 5 டாலர். 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியது. மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாயைத் தொட்டது. சம்பளம் அதே 1,000 ரூபாய்தான். டாலர்க் கணக்கில் அது 3 டாலருக்கும் கீழே போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 விழுக்காட்டைத் தாண்டியது.

டாலரோடு வருகிற ஒருவருக்கு இதே மாற்றம் எப்படித் தெரிந்திருக்கும்? அறை வாடகை, சோற்றுப் பார்சல், தேநீர் என ரூபாயில் விலை ஏறியவைகூடத் தன் கையிலுள்ள பணத்துக்கு முன்போலவோ அதைவிட எளிதாகவோ கிடைத்தது. பெற்றோல் வரிசைகளில் மக்கள் இரவு முழுக்க நின்ற காலத்தில், அதே நெருக்கடியே பயணிக்குச் சலுகையாக மாறியது. இதை யாரும் விரும்பிக் கொடுக்கவில்லை. கொடுப்பவர் வாங்குபவராக மாறவும் வழியில்லை. குடும்ப விடுதிகளின் குறைந்த வாடகையிலும் இதன் ஓர் இழை இருக்கிறது. விடியுமுன் எழுந்து அப்பம் சுட்டு, படுக்கை விரிப்பு துவைத்து, இரவு கதவு திறந்துவிடும் வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு அந்த வாடகையில் பெரும்பாலும் விலை போடப்படுவதில்லை.

5. மறுப்புகளும் விடைகளும்

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது: 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும் 2022இலும் பயணிகள் வராமல் போனதே இத்தீவின் பெருந்துயராக இருந்தது, வருகிறவரிடம் மேலும் கணக்குக் கேட்கலாமா? வருகை தேவை என்பதில் ஐயமில்லை. 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டிய வருகை சரிந்தபோது முச்சக்கர வண்டிக்காரரும் குடும்ப விடுதியாரும் பட்ட பாட்டை மறைக்க முடியாது. ஆனால் வரவேற்பதும் கேட்ட விலையைக் கொடுக்கச் சொல்வதும் முரண்பட்டவை அல்ல. நெருக்கடி மலிவுக்குள் நின்று பேரம் பேசுவதையே இக்கட்டுரை தவறென்கிறது.

இரண்டாவது மறுப்பு, இந்த வாதப்படி வெளிநாட்டவர்க்குத் தனிக் கட்டணம் வைத்தால் அது பாகுபாடு என்பது. சிகிரியாப் பாறைக் கோட்டையில் அண்மை ஆண்டுகளில் வெளிநாட்டார்க்கான முழு நுழைவுச்சீட்டு 30 டாலருக்குக் குறைந்ததில்லை. 2021ஆம் ஆண்டு நாணய விகிதத்தில் அது ஒரு கொழுந்துப் பெண்ணின் ஆறு நாள் சம்பளம். அந்த விலையை எல்லோருக்கும் வைத்தால் தீவின் மக்களே தம் வரலாற்றைக் காண முடியாது. உள்ளூர் விலையை எல்லோருக்கும் வைத்தால் பாறை ஓவியங்களைப் பேணும் செலவு மறுபடி வரி கட்டுவோர் தலையில் விழும். பயணியிடம் இருந்து கூடுதலாக வாங்குவது, அவர் பேருந்திலும் ரயிலிலும் பெற்ற பொது மலிவுக்கு ஒரு சிறு ஈடு. அந்த வருவாய் எங்கே போகிறது என்று வெளிப்படையாகக் காட்டுவது அரசின் கடமை.

6. முடிவு

கொடை மலிவை ஏற்பவர் தாமும் ஒருநாள் கொடுக்கக் கடமைப்படுகிறார். பொது மலிவை ஏற்பவர், அது யாருக்காக அமைந்ததோ அவருக்கு இடம்விட வேண்டும். நெருக்கடி மலிவைக் கண்டால் அதை மலிவென்று எண்ணாமல் முழு விலை தர வேண்டும். இதிலிருந்து செய்யத்தக்கவையும் தெளிவாகின்றன: பதுளை ரயில்களில் மூன்றாம் வகுப்பின் ஒரு பகுதியை முன்பதிவின்றி உள்ளூர்ப் பயணிகளுக்கென ஒதுக்குவது, சுற்றுலாப் பெட்டிகளின் கூடுதல் வருவாயில் ஒரு பங்கைத் தோட்டப் பகுதி நிலையங்களுக்கும் பஸ் சேவைக்கும் செலவிடுவது, பெரிய பைகளுக்குப் பெட்டியில் தனி இடம் அமைப்பது.

கடைசியாகச் சொன்னது சிறிய வேலை. ஆயினும் கிளினிக் கொப்பியோடு நின்ற அந்த அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்க அதுவே போதும். வழிப்போக்கரின் சுமை பிறர் மேல் ஏறிவிடாமல் இறக்கி வைக்க ஓர் இடம் தேவை என்பதை, தெருவோரத்தில் மூன்று கற்களை நட்டவர்கள் நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.