பத்தியம்: சீனி வருத்தமும் நமது வைத்திய மரபும்

நம்மூர்களில் ‘பத்தியம்’ என்ற சொல் இன்று பெரும்பாலும் பிள்ளை பெற்ற வீட்டோடு நின்றுவிட்டது. சீனி வருத்தக்காரருக்கு அது, தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் விடுவது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதே ஆள் கலியாண வீட்டில் வட்டிலப்பத்தை இரண்டாம் முறையும் வாங்குவார். கேட்டால், “குளிசை போட்டுட்டுத்தானே வந்தன்” என்பார். உணவையும் மருந்தையும் இப்படித் தனித்தனியாக வைத்துப் பார்ப்பது நமது மரபில் இருந்ததல்ல என்பதே என் வாசிப்பில் நான் கண்டது.

குடித்த நீர் உடம்பில் தங்காமல் வெளியேறும் இந்நோய்க்கு கிரேக்கர் வைத்த பெயரை அரபு வைத்தியர்கள் ‘தியாபீத்தஸ்’ என்றே எடுத்துக்கொண்டார்கள். நீர் இறைக்கும் சக்கரத்தைக் குறிக்கும் ‘தூலாப்’ என்ற சொல்லாலும் அதனை அழைத்தார்கள். உணவுகளின் நன்மை பற்றியும் அவற்றின் தீமையைத் தடுப்பது பற்றியும் அர்ராஸி தனி நூலே எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் பக்தாதின் கிறிஸ்தவ வைத்தியர் இப்னு புத்லான், உணவு, உறக்கம், உடலசைவு, மனநிலை முதலியவற்றை அட்டவணைகளாகவே வகுத்தார். ஒவ்வோர் உணவுக்கும் அதன் பயன், கெடுதி, கெடுதிக்கு மாற்று என மூன்றையும் அதில் காணலாம். பத்தியம் என்பது வெறும் தடைப்பட்டியல் அல்ல; அது ஓர் ஒழுங்கு.

இந்த யூனானி மரபு இலங்கைக்கும் வந்தது. மாவனல்லைப் பகுதியின் கோபால பரம்பரை முஸ்லிம் வைத்தியர்கள் கண்டி மன்னர்களுக்கு வைத்தியம் செய்தார்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் யூனானியையும் தனக்குள் ஏற்றுக்கொண்டது.

பெருமையோடு இதை நிறுத்திவிட முடியாது. உணவுக்கு எல்லையும் உண்டு. 1870இல் பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டு உணவு குறைந்தபோது, நோயாளிகளின் சிறுநீரில் சீனி குறைந்ததை பூஷார்தா என்ற பிரெஞ்சு வைத்தியர் கவனித்தார். பின்னர் அமெரிக்காவில் அலன் என்பவர் கடும் பட்டினிப் பத்தியம் கொடுத்தார். அதனால் சில பிள்ளைகளின் ஆயுள் கொஞ்சம் நீண்டது. ஆனால் அவர்கள் எலும்பும் தோலுமானார்கள். 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்ட பிறகுதான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வாழ்வு கிடைத்தது. இன்சுலின் வந்த பிறகும் வைத்தியர்கள் உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிடவில்லை.

ஆகவே, குளிசையை நம்பிச் சோற்றை மலையாகக் குவிப்பவரும், வெந்தயத் தண்ணீரை நம்பிக் குளிசையை விட்டவரும் இந்த வரலாற்றைப் பாதியாகத்தான் படித்திருக்கிறார்கள். சோற்றைக் குறைத்துச் சுண்டலையும் கீரையையும் கூட்டுவது, வெள்ளை அரிசிக்குப் பதில் தவிட்டோடு கூடிய சிவப்பரிசியும் குரக்கனும் சேர்ப்பது, சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் நடப்பது எல்லாம் நம் குசினிக்குள்ளேயே முடியும் காரியங்கள். நோன்பு பிடிக்க விரும்பும் சீனி வருத்தக்காரர், குளிசை, ஊசியின் அளவையும் நேரத்தையும் தாமாக மாற்றாமல், ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேட்டுவிட வேண்டும். பத்தியத்தையும் மருந்தையும் ஒன்றாகப் பேணுவதே நம் மூத்த ஹக்கீம்களின் வழிக்குப் பொருந்தும்.